லீவு நாளில் மெல்லிய அசைவு: களைத்த உடம்புக்கும் கனத்த மனதுக்கும்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆறு நாள் மலை ஏறி இறங்கியவரிடம் போய், "ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் கோபம் வரும். வரத்தான் வேண்டும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் நின்றதிலிருந்து அந்திக் கொழுந்து நிறுக்கும் வரை நின்ற காலோடு வேலை. கூடைக் கயிறு தலையில் அழுத்த, ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக தேயிலை நிரைக்குள் நிற்கிற உடம்புக்கு இதற்கு மேலும் என்ன பயிற்சி?

அதே ஆள் ஞாயிறு பத்து மணி வரை படுத்திருந்து, எழும்பி ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு மறுபடி சாய்ந்து, பின்னேரம் டீவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு, இரவாகும்போது எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். களைப்பு போயிருக்காது. தலை பாரமாக இருக்கும். பிள்ளை கேட்ட சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவார். படுத்தால் தூக்கம் பிடிக்காது. திங்கள் காலை எழும்பும்போது சனிக்கிழமையை விட உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும்.

நாள் முழுக்க ஓய்வு எடுத்தும் ஓய்ந்தது போல இல்லாமல் போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. லீவு நாளில் 20, 30 நிமிடம் மெதுவாக அசைவதால் இதில் நிறைய மாறும். அந்த அசைவு உழைப்பின் தொடர்ச்சியாக இருக்கக் கூடாது. அது வேறு வகை. முதலில் அந்த வேறுபாட்டைப் பார்ப்போம்.

எது மெல்லிய அசைவு

ஓர் எளிய சோதனை உண்டு. நடக்கும்போது ஒரு பாட்டை மூச்சு வாங்காமல் முழு அடி பாட முடிந்தால் அது மெல்லிய அசைவு. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான அசைவு. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாமல் இழைத்தால் அது கடுமையானது. லீவு நாளுக்கு உரியது முதல் வகை. களைப்பைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் 2 அல்லது 3க்கு மேல் போகக் கூடாது.

வேகம் மட்டும் போதாது. அந்த அசைவை நீங்களே விரும்பித் தொடங்க வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்ற சுதந்திரம் இருக்க வேண்டும். இத்தனை கிலோ, இத்தனை அடி என்று யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. விறகு பொறுக்கப் போவதும், பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாயடியில்) ஒரு கூடைத் துணி துவைப்பதும் உடம்பை அசைக்கின்றனதான். ஆனால் அவை வேலை. மனது அதை வேலையாகவே எடுத்துக்கொள்ளும்.

வேலைத்தலத்தில் செய்யும் நீண்ட நேர உடலுழைப்பு, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவு தருகிற நன்மையைத் தருவதில்லை என்பதை ஆய்வாளர்கள் 'உடலுழைப்பின் முரண்' என்று சொல்கிறார்கள். காரணம் விளங்காத ஒன்றல்ல. வேலையில் உடம்பு எட்டு மணி நேரம் தொடர்ந்து இழுபடுகிறது. நடுவில் ஆறுதல் போதாது. எப்போது நிற்பது, எவ்வளவு வேகம் என்பது நம் கையில் இல்லை. நாட்பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் கூலிக்கு, எடுக்க வேண்டிய கொழுந்து தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பல இடங்களில் அது 18 கிலோ அளவில் இருக்கிறது. அந்த எடை வராவிட்டால் என்னாகும் என்ற கணக்கு நாள் முழுவதும் தலைக்குள் ஓடுகிறது. ஒரே தசைகள் மட்டும் வேலை செய்கின்றன. விரல், முன்கை, கழுத்து, கெண்டைக்கால் எல்லாம் ஓயாமல் உழைக்க, மார்பு விரிவதே இல்லை. தோள் எப்போதும் முன்னால் வளைந்தே கிடக்கிறது. மூச்சும் மேலோட்டமாகவே போய் வருகிறது. இப்படி ஆறு நாள் கழிந்த உடம்பு, ஏழாம் நாள் வேலை இல்லையென்றாலும் விழிப்பாகவும் இறுக்கமாகவும்தான் இருக்கும். படுத்தால் தசை தானாகத் தளர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். பல நேரம் அது நடப்பதில்லை.

கொழுந்து எடுப்பவர்களுக்கு மட்டும் சொல்வதல்ல இது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடையில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகள், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், பாடசாலையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற ஆசிரியர்கள், தொழிற்சாலையில் இரவு முறை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். கிழமை முழுவதும் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக, மிதமான வேகத்துக்கே போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு வேண்டும் என்கிறது. சிறிதளவு அசைவும் ஒன்றும் இல்லாததை விட மேல் என்பதையும் அதே வழிகாட்டுதல் அழுத்திச் சொல்கிறது. தொடங்குகிறவர்கள் இந்த இரண்டாவதை மனதில் வைத்தால் போதும்.

படுத்தே கிடந்தால் ஏன் மனம் கனக்கிறது

முதல் காரணம் வெளிச்சம். நமக்குள் ஓடுகிற உடற்கடிகாரம் காலை வெளிச்சத்தைக் கண்ணால் வாங்கித்தான் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. நுவரெலியாவில் பனிமூட்டமாக இருக்கிற காலையிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு). ஒரு பல்ப் எரிகிற காம்பராவுக்குள் (தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அறைக்குள்) சில நூறு லக்ஸ்கூட இருக்காது. ஆறு நாள் ஐந்து மணிக்கு எழும்பியவர் ஏழாம் நாள் பத்து மணிக்கு இருட்டறையிலிருந்து எழும்பினால், அன்று இரவு தூக்கமும் அதற்கேற்பத் தள்ளிப் போகும். திங்கள் காலை ஐந்து மணி என்பது உடம்புக்கு நடுச்சாமம் போல இருக்கும்.

தூக்கம் உண்மையாகவே குறைந்திருக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்றால் எடுங்கள். வழமையை விட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். மத்தியானம் 20, 30 நிமிடம் கண்ணயரலாம், மூன்று மணிக்கு முன்னால். அதற்கு மேல் தூங்கினால் இரவுத் தூக்கத்திலிருந்து கடன் வாங்குகிறீர்கள்.

இரண்டாவது, சும்மா கிடக்கிற நேரத்தில் மனது சும்மா இருப்பதில்லை. சம்பளத்தில் பிடித்த காசு, அடகுக் கடையில் இருக்கிற தோடு, கொழும்பில் வேலை செய்கிற மகன் போன் எடுக்காதது, அதே மூன்று நினைப்பும் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வரும். அசையாமல் கிடக்கிற உடம்பும் சுற்றுகிற நினைப்பும் சேர்ந்தால் மனம் கனக்கத்தான் செய்யும். நடக்கும்போது கண்ணுக்கும் காதுக்கும் காலுக்கும் வேலை இருப்பதால் அந்தச் சுற்று அடிக்கடி அறுபடுகிறது. பிரச்சினை தீர்ந்துவிடாது, அதன் பிடி கொஞ்சம் தளரும்.

மூன்றாவது மூச்சு. மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே வரும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். வெளிமூச்சை நீட்டினால் இதயம் மெதுவாகத் துடிக்கிற நேரம் கூடுகிறது. உடம்பை அமைதிப்படுத்துகிற நரம்பு வழி வேலை செய்யத் தொடங்குகிறது. மெதுவான நடையில் இது எளிதாக வரும். படுத்துக்கொண்டு கவலைப்படும்போது வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'செய்யத் தோன்றினால் செய்வேன்' என்று காத்திருந்தால், மனம் சோர்ந்த நாளில் அந்தத் தோன்றல் வரவே வராது. சோர்வின் தன்மையே அதுதான். முதலில் அசைவு, பிறகுதான் உற்சாகம். மனநல சிகிச்சையிலும் இந்த வரிசையை வைத்து நடத்துகிற முறை இருக்கிறது. ஆகவே ஞாயிறு காலை விருப்பமில்லாமல் செருப்பை மாட்டினாலும் பிழையில்லை. ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வந்துவிடுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

இஸ்தோப்பில் ஐந்து நிமிடம்

மலைநாட்டுக் காலைக் குளிரில் படுக்கையிலிருந்து நேராகப் போய்த் தசையை இழுத்தால் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நின்றபடி உடம்பைச் சூடாக்க வேண்டும். அடுப்படியில் செய்யாதீர்கள், விறகுப் புகைக்குள் ஆழ மூச்செடுப்பதால் நன்மையை விடத் தீமைதான். எழும்பியதும் ஒரு கோப்பை இளஞ்சுடு தண்ணீர், பசித்தால் ஒரு துண்டு ரொட்டி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேண்டாம்.

நின்ற இடத்திலேயே குதிகாலை மட்டும் மாற்றி மாற்றித் தூக்கி ஒரு நிமிடம் நடை. பிறகு இரு தோள்களையும் பின்பக்கமாக 10 சுற்று. முன்பக்கமாகச் சுற்ற வேண்டாம். கிழமை முழுவதும் அவை முன்னால்தான் வளைந்திருக்கின்றன. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் 10 தடவை ஆட்டுங்கள், மற்றக் காலுக்கும் அப்படியே. கடைசியாகக் கணுக்கால் வட்டம், காலுக்குப் பத்து. சமமில்லாத றோட்டில் கால் புரளாமல் இருக்க இந்தக் கடைசிப் பயிற்சிதான் உதவும். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

நடை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், நடையைச் செய்யுங்கள். வெளிச்சம், மூச்சு, பார்வை, கால் எல்லாம் ஒரே வேலையில் சேருவது நடையில்தான்.

மலையகத்தில் நடை என்றால் பாதை எது என்பதுதான் பெரிய கேள்வி. ஏற்றத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் மறுநாள் வலியைக் கொடுப்பது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அதில் உண்டாகும் நுண்ணிய கிழிசல்களால் வருகிற வலி உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி 1 முதல் 3 நாளில் உச்சத்துக்குப் போகும். ஞாயிறு காலை படிக்கட்டு வழியாகக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால், அந்த வலி சரியாகத் திங்களும் செவ்வாயும் மலையில் நிற்கும்போது வந்து சேரும். பிறகு 'உடற்பயிற்சி நமக்கு ஒத்துவராது' என்று விட்டுவிடுவோம்.

ஆகவே குறுக்குப் பாதையை விட்டுவிட்டு, கொழுந்து லொறி போகிற, மலையை வளைத்துப் போகிற றோட்டைத் தேர்ந்தெடுங்கள். பாரம் ஏற்றிய வண்டி போக வேண்டியதால் அந்த றோட்டுகளின் சரிவு பெரும்பாலும் குறைவு. பாடசாலை மைதானமும் கோயில் முன்றலும் நல்ல இடங்கள். கோயிலுக்கு எப்படியும் போகிறவர் ஆட்டோவில் போகாமல் நடந்து போய், பிரகாரத்தை அவசரமில்லாமல் சுற்றி வந்தாலே பாதி வேலை முடிந்தது.

ரெயில் பாதையில் நடக்க வேண்டாம். சமமாக இருக்கிறது என்பது உண்மை. ரெயில் ஏறுகிற சரிவு நடக்கிறவருக்குக் கடும் ஏற்றமாகத் தெரியாது. ஆனால் வளைவுகள் நெருக்கமானவை, மூடுபனியில் ரெயில் கிட்ட வரும் வரை தெரியாது, சுரங்கத்துக்குள்ளும் பாலத்திலும் ஒதுங்க இடம் இல்லை.

முதல் 3 நிமிடம் மிக மெதுவாக. அடுத்த 10 முதல் 15 நிமிடம் பாட முடிகிற வேகத்தில். கடைசி 3 நிமிடம் மறுபடி மெதுவாக. நடுவில் ஒரு 2, 3 நிமிடத்துக்கு மட்டும் மூச்சை அடியோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று அடிக்கு உள்மூச்சு, நான்கு அல்லது ஐந்து அடிக்கு வெளிமூச்சு, இரண்டும் மூக்கு வழியாக. ஏற்றம் வந்தால் எண்ணுவதை விட்டுவிடுங்கள். தலை சுற்றினால் மூச்சை அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்; நின்று வழமையான மூச்சுக்குத் திரும்புங்கள்.

கண்ணை எதிர்மலையில் வையுங்கள். கொழுந்து எடுக்கிறவர் நாள் முழுக்க ஒரு முழத் தூரத்தைத்தான் பார்க்கிறார், போன் பார்க்கிறவர் ஒரு சாண் தூரத்தை. தூரத்தை நிதானமாகப் பார்க்கும்போது கண்ணைச் சுற்றியிருக்கிற தசையும் நெற்றியும் தளர்வதை உடனே உணரலாம். நினைப்பு மறுபடி சுற்றத் தொடங்கினால் அதோடு சண்டை போடாதீர்கள். காதில் விழுகிற மூன்று சத்தத்தை மட்டும் பிடியுங்கள். ஓடைத் தண்ணீர், எங்கோ ஒரு நாய், பக்கத்து லயத்து றேடியோ. மூன்றும் கிடைத்ததும் நினைப்பு எங்கே நின்றது என்பதே மறந்திருக்கும். பத்து நிமிடத்தில் ஐந்து தடவை இப்படிச் செய்ய வேண்டி வந்தாலும் அது தோல்வி இல்லை.

கொழும்பிலிருந்து லீவில் ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு சொல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஒட்சிசன் அழுத்தம் கடற்கரையை விடக் குறைவு. ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும், மாதக்கணக்கில் கீழே இருந்துவிட்டு வந்தால் முதல் ஓரிரண்டு நாள் மூச்சு வாங்கும். பாதி வேகத்தில் தொடங்குங்கள்.

காலநிலையைக் கேட்டுப் போங்கள். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை கூடுவது வருடக் கடைசியில். மழை பிடித்த நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எதுவானாலும், உங்கள் பகுதிக்கு அறிவித்திருந்தால் மண்மேட்டுக்குக் கீழே போகிற பாதையை அன்று விட்டுவிடுங்கள். புல் ஈரமாக இருந்தால் அட்டை ஏறும். நீளக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டால் குறையும். கடித்த அட்டையை நகத்தால் ஓரமாக நெம்பி எடுத்துக் கழுவுங்கள், நெருப்பு வைக்காதீர்கள். குளவிக் கூடு தெரிகிற மரத்தடியைச் சுற்றிப் போங்கள். சிறுத்தை நடமாடுகிற தோட்டங்களில் விடியுமுன்னும் இருட்டிய பிறகும் தனியாகப் போக வேண்டாம். காலை 7 மணிக்குப் பிறகு, முடிந்தால் துணையோடு. "அக்கா, வாங்க ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று பக்கத்துக் காம்பராவில் ஒரு குரல் கொடுத்தால் போதும். துணை இருந்தால் அடுத்த ஞாயிறும் நடை நடக்கும், அதுதான் பெரிய லாபம்.

தசையைத் தளர்த்துவது

நடந்து வந்த சூட்டோடு செய்ய வேண்டும். விதி ஒன்றுதான். இழுவை தெரியலாம், வலி தெரியக் கூடாது. குலுக்கிக் குலுக்கி இழுத்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும், நாம் நினைத்ததற்கு நேர்மாறு. மூச்சை அடக்காதீர்கள். அடக்குகிறீர்கள் என்றால் அளவுக்கு மேல் இழுக்கிறீர்கள்.

கெண்டைக்காலுக்கு, சுவரில் இரு கையையும் ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி 20 முதல் 30 விநாடி. காலுக்கு இரண்டு தடவை. பின்னங்காலின் விரல்கள் நேராகச் சுவரைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் திரும்பினால் இழுவை கெண்டைக்குப் போகாது.

மார்புக்கு, வாசல் நிலையில் முன்கையை வைத்து, முழங்கை தோள் மட்டத்தில் இருக்க, ஒரு அடி முன்னால் வையுங்கள். அதே 20, 30 விநாடி. இடுப்பை வளைத்து ஏமாற்றாமல் மார்பை மட்டும் விரிக்க வேண்டும். கூடை சுமக்கிறவர்களுக்கும் குனிந்து எழுதுகிறவர்களுக்கும் இதைவிடப் பயனுள்ள இழுவை இல்லை என்பது எங்கள் எண்ணம்.

முன்கைக்கு, ஒரு கையை நேராக நீட்டி உள்ளங்கை கீழே பார்க்க, மற்றக் கையால் விரல்களை மெதுவாக உட்பக்கம் மடக்கி 20 விநாடி. பிறகு உள்ளங்கையை மேலே திருப்பி விரல்களைக் கீழ்நோக்கி இழுத்து 20 விநாடி. கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கும் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவர்களுக்கும் முழங்கை ஓரத்தில் வருகிற வலி பெரும்பாலும் இந்தத் தசைகளிலிருந்துதான்.

கழுத்தில் மட்டும் கவனம். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம், குறிப்பாக நாற்பது தாண்டியவர்கள், தலை சுற்றலாம். நேராக உட்கார்ந்து, தாடையை இறக்காமல் தலையைப் பின்பக்கமாக உள்ளிழுங்கள், யாரோ நெற்றியில் மெதுவாகத் தள்ளுவது போல. 5 விநாடி பிடித்து விடுங்கள், 8 தடவை. பிறகு காது தோள் பக்கம் சாய்கிற மாதிரி இடமும் வலமும் 15 விநாடி. கையால் தலையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

பாயில் படுத்து

கடைசிப் பகுதிக்குப் பாய் போதும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்த முறை இது. இறுக்கித் தளர்த்துவது. இறுக்கமாகவே இருந்து பழகிய தசைக்குத் தளர்வு என்றால் என்ன என்பதே மறந்துவிடுகிறது. வேண்டுமென்றே இறுக்கிவிட்டு விடும்போதுதான் அந்த வித்தியாசம் தெரிகிறது.

மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு சுருட்டிய சேலையோ தலையணையோ வையுங்கள். இடுப்புப் பிடிக்காது. பாதத்திலிருந்து தொடங்குங்கள். கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்து 5 விநாடி இறுக்கம், பிறகு சட்டென்று விட்டு 15, 20 விநாடி சும்மா. கால்விரலைக் கீழ்நோக்கி நீட்டி இறுக்கக் கூடாது. களைத்த கெண்டைக்கால் அப்படியே சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். அடுத்து தொடை, வயிறு, கைமுட்டி, தோளைக் காது வரை தூக்குவது, கடைசியில் முகம் முழுவதையும் சுருக்குவது. முழுப் பலத்தில் பாதி போதும். எல்லாம் சேர்ந்து 2, 3 நிமிடம். நடுவில் தூக்கம் வந்துவிட்டால் வரட்டும், மத்தியானத்துக்கு முன்னால் என்றால் அரை மணியில் யாராவது எழுப்பிவிடட்டும்.

மழை விடாத ஞாயிறுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள்ளேயே இவ்வளவையும் செய்யலாம். நடைக்குப் பதிலாக நின்ற இடத்தில் 5 நிமிட நடை, பிறகு கதிரையிலிருந்து கையூன்றாமல் மெதுவாக எழும்பி மெதுவாக உட்காருவது 8 தடவை, மறுபடி 5 நிமிட நடை. கதவைத் திறந்து வெளிச்சம் பார்த்த பக்கமாக நில்லுங்கள்.

பெண்களின் ஞாயிறு

ஓய்வுநாள் என்று எழுதும்போதே, அது யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. ஆறு நாள் மலையில் நின்ற பெண்ணுக்கு ஏழாம் நாள் பீலிக்கரையில் துணி, அடுப்படியில் சமையல், பிள்ளைக்குத் தலைக்கு வார்ப்பது, டவுனுக்குப் போய்ச் சாமான். வீட்டு ஆண்கள் திண்ணையில் இருக்க, அவளுக்கு அது இன்னொரு வேலைநாள். இந்த நிலையில் 'உனக்காக இருபது நிமிடம் எடு' என்று அவளிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை. வீட்டில் உள்ள மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். அந்த இருபது நிமிடம் அடுப்பை யார் பார்ப்பது, கைப்பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று சனி இரவே பேசி முடிவெடுங்கள். காலையில் பேசினால் அது சண்டையில்தான் முடியும். அந்த நேரத்தில் அவள் நடக்கப் போகும்போது "வரும்போது அப்படியே கடையில..." என்று பையைக் கையில் கொடுக்காதீர்கள். பை கைக்கு வந்ததும் அது மறுபடி வேலையாகிவிடும்.

எங்கே பிழைக்கிறது

அதிகமாகச் செய்வதுதான் முதல் பிழை. முதல் ஞாயிறே ஒரு மணி நேரம் நடந்து, மூன்றாம் ஞாயிறு விட்டுவிடுவோம். முதல் இரண்டு கிழமைக்கு 10 நிமிட நடையும் கெண்டைக்கால், மார்பு இழுவையும் போதும். மூன்றாம் கிழமையிலிருந்து 15 நிமிடம், ஒரு மாதம் கழித்து 20. கிரிக்கெட்டும் கரப்பந்தும் நல்லவைதான். ஆனால் அவை மெல்லிய அசைவு ஆகாது. ஆட்டம் இருக்கிற ஞாயிறு நடையை விட்டு, தளர்த்துவதை மட்டும் செய்யுங்கள்.

போனில் அடி எண்ணுவது இன்னொரு பொறி. கிழமை முழுக்க கிலோக் கணக்குக்கு உழைத்தவருக்கு லீவு நாளிலும் ஓர் எண்ணைக் கொடுத்தால் மனம் மறுபடி அதற்குப் பின்னால் ஓடும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடிந்தால் நல்லது.

களைப்புத் தீரச் சனி இரவு சாராயம் குடிப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. குடி சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துவிடும். மறுநாள் வருகிற பதற்றத்திலும் மனச்சோர்விலும் அதற்குப் பங்கு இருக்கிறது. குடித்த மறுநாள் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். நிறையத் தண்ணீர் குடித்து, நடையைப் பாதியாகக் குறையுங்கள்.

கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கி நெஞ்சு படபடக்கிறது, கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருக்கிறது என்றால் இரத்தச்சோகை இருக்கலாம். அது மனச்சோர்வு போலவே களைப்பையும் எரிச்சலையும் தரும். நடந்து தீர்க்கிற விஷயமல்ல. தோட்ட டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற தேத்தண்ணி உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுக் குடியுங்கள்.

காய்ச்சல் உள்ள நாளில் எதுவும் வேண்டாம். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்காமல், மடியில் இரண்டு இனிப்பு வைத்திருங்கள். பிரஷர் குளிசை குடிப்பவர்கள் பாயிலிருந்து எழும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்து, உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். கர்ப்பிணித் தாய்மார் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, மயக்கம் வந்தால் உட்கார்ந்துவிட்டு 1990 இலவச அம்புலன்சுக்கு அழையுங்கள். குளவி பல இடத்தில் கொட்டினாலும் அதே இலக்கம்தான்.

நடை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டன, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது என்றால், அது சோம்பலோ பலவீனமோ அல்ல, சிகிச்சை தேவைப்படுகிற நோய். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டுப் போகலாம். சாகத் தோன்றுகிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால், "நடந்துவிட்டு வா, சரியாகிவிடும்" என்று அனுப்பாதீர்கள். தனியாக விடாமல் கூட இருந்து அழைத்துப் போங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கச் சுவரில் தொங்குகிற கலண்டர் போதும். ஞாயிறு கட்டத்தில், நடக்கப் போகுமுன் மனக்கனம் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண். வந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னோர் எண். வந்த உடனே எழுதினால் மூச்சுச் சூட்டில் எண் ஏமாற்றும். திங்கள் கட்டத்தில், இரவு தூக்கம் வந்ததா இல்லையா என்று ஒரு புள்ளியோ பெருக்கல் குறியோ. நான்கு ஞாயிறு சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் ஒன்றிரண்டாவது குறைந்திருந்தால் செய்வது பொருந்துகிறது. கூடியிருந்தால் வேகமோ தூரமோ அதிகம், பாதியாக்குங்கள். எண் மாறவே இல்லை என்றால் முதலில் நேரத்தை மாற்றுங்கள், பின்னேரம் நடந்தவர் காலைக்கு வாருங்கள். பிறகு பாதையை, பிறகு துணையை. ஒரே கிழமையில் மூன்றையும் மாற்றிவிட்டால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.